முப்பத்தேழாம் கல்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் என் வயது ஆட்கள் கூடுகிற இடத்தில், யார் எங்கே வேலை செய்தார் என்ற கதை வந்தால் அது பெரும்பாலும் உணவகக் குசினியில் தொடங்கிக் குசினியிலேயே முடியும். கோப்பை கழுவினோம், வெங்காயம் வெட்டினோம், பிறகு சமையற்காரர் ஆனோம் என்பார்கள். என் முறை வரும்போது நான் "கல்லு வேலை" என்பேன். "மேசனோ?" என்று கேட்பார்கள். "இல்லை, பழைய கல்லு" என்பேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. பழைய கல்லில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள் போலும்.

இந்த மாசி மாதம் ஒருவர் கேட்டார். கிளேர் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய கட்டடங்களை ஆராய்ந்து பாதுகாக்கிற படிப்புப் படித்த பிரெஞ்சுப் பெண். நான் வேலை செய்த கம்பனியில் என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ரூ பிலிப்-து-ஜிராரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கே வந்துவிட்டார். அரேன் து லுத்தேஸில் மறுபடியும் திருத்த வேலை நடக்கிறது. முந்திய வேலையில் நின்றவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான் என்று கம்பனியில் சொன்னார்களாம்.

அரேன் து லுத்தேஸ் என்பது ஐந்தாம் வட்டாரத்தில் இருக்கிற ரோமர் காலத்து அரங்கு. ரூ மோஞ்சில் ஒரு வீட்டு வாசல் போன்ற வழியால் உள்ளே போனால் திடீரென்று வானம் திறந்து, வட்டமான மணல் வெளி ஒன்று கிடக்கும். கிழவர்கள் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் விளையாடுவார்கள். பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். எங்கள் ஆட்களில் பலர் முப்பது வருடம் பாரிசில் இருந்தும் அதைக் கண்டதில்லை. என் மனைவியும் கண்டதில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

கிளேர் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மணல் வெளியைச் சுற்றி நிற்கிற சுவரில், இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த பழைய சாந்தைச் சுரண்டியிருந்தார்கள். உள்ளே, விரல் எட்டாத ஆழத்தில், செம்பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ரோமர்கள் சுவர்களுக்கு வர்ணம் பூசினார்கள். இந்த அரங்கில் அதன் தடயம் ஒன்றும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. இது அதுவாக இருந்தால்..." என்று சொல்லி நிறுத்தினார். கண்கள் பளபளத்தன. அவருடைய வேலை ஒப்பந்தம் ஆனி மாதத்தோடு முடிகிறதாம். இது வர்ணம்தான் என்று நிறுவ முடிந்தால் ஆய்வை நீட்டுவார்கள், அவரும் நிற்கலாம். "முப்பத்தேழாம் எண் கல். உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா, முசியே?"

"எத்தனையோ கல். மறந்துவிட்டேன்" என்றேன்.

அது பச்சைப் பொய். என் பிள்ளைகளின் பிறந்த நாளை மறந்தாலும் அந்தக் கல்லின் எண்ணை நான் மறக்க மாட்டேன். அந்தச் சிவப்பு ரோமருடையது அல்ல, என்னுடையது.

"அன்றைய வேலையைக் குறித்துவைத்த கொப்பி எங்களிடம் இருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி அதில் ஒன்று உங்களுக்குக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை வருவீர்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்று தலையாட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் சில வருடங்கள் புறநகர்களில் மாடிக் கட்டடங்களுக்குச் சீமெந்து சுமந்தேன். பிறகு ஒருவர் சொல்லி இந்தக் கம்பனியில் சேர்ந்தேன். பழைய தேவாலயங்கள், பழைய மதில்கள் திருத்துகிற கம்பனி. இரண்டு வருடம் சுண்ணாம்பு குழைத்தேன், வாளி தூக்கினேன், பிரெஞ்சை அரைகுறையாகப் பிடித்தேன். படிப்பு அவ்வளவுதான். பிறகு அரேனுக்கு அனுப்பினார்கள். அங்கே வேலைத் தலைவராக இருந்தவர் முசியே அர்னோ.

குள்ளமான மனிதர். எல்லாருக்கும் முந்தி வந்து, பழைய செய்தித்தாளை மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு சுவருக்கு முன்னால் இருப்பார். கல்லை உள்ளங்கையால் தொட மாட்டார், புறங்கையால்தான் தொடுவார். புறங்கைக்குத்தான் ஈரம் தெரியும் என்பார். சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல கல் கணீரென்று சொல்லும், உள்ளே நோய் பிடித்த கல் மொத்தென்று சொல்லும். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சீமெந்து சுமந்த இடங்களில் என்னை எல்லாரும் ஒருமையில்தான் கூப்பிட்டார்கள். வாளி தூக்குகிறவனையும் "வூ" போட்டு, எங்கள் "நீங்கள்" போல மரியாதையாகக் கதைத்த முதல் பிரெஞ்சுக்காரர் அவர்தான். நாகேந்திரம் என்ற என் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. "நாகா" என்பார்.

முதல் நாள் அவர் என்னை வேலையில் விடவில்லை. அரங்கைச் சுற்றிக் காட்டினார். பாரிசுக்கு லுத்தேஸ் என்று பெயர் இருந்த காலத்தில் ரோமர்கள் குன்றின் சரிவைப் பயன்படுத்திக் கட்டியது. முழு வட்டமாகப் படி கட்டவில்லை. வட்டத்தில் பாதிக்குச் சற்று மேலே படி, மிச்சப் பக்கத்தில் நாடக மேடை. காலையில் கூத்து, பின்னேரம் ஆள் சண்டையும் மிருகச் சண்டையும் என்று இரண்டுக்கும் ஒரே இடம். மணலைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலான சுவர், மிருகம் பாய்ந்து சனத்தின் மடியில் விழாமல் இருக்க. அந்தச் சுவரின் அடியில் சின்னச் சின்ன அறைகள். ஒன்றின் வாசலில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். "இதற்குள் நின்றவர்கள் வெளியே சனத்தின் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்" என்றார். நான் போர்க்காலத்தில் ஊரில் குண்டுச் சத்தம் கேட்டுப் பதுங்கியிருந்தவன். சட்டென்று நிமிர்ந்துவிட்டேன்.

பிறகு படையெடுப்புக் காலம் வந்தபோது, ஊரார் இந்தப் படிக்கற்களையே பிடுங்கிக்கொண்டு போய் ஆற்று நடுவிலுள்ள தீவுக்கு மதில் கட்டினார்களாம். மிச்சம் மண்ணுக்குள் போயிற்று. நூற்றாண்டுகளாக அதன் மேல் ஆட்கள் நடந்தார்கள். ரூ மோஞ்சு வெட்டும்போது வெளியே தெரிந்தது. ஒரு துண்டு இன்னமும் வீடுகளின் அடியில் கிடக்கிறது. காப்பாற்றியதைத் திருத்தி, புதுக்கல் வைத்து நிரப்பினார்கள். இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி அந்தப் புதுக்கல்தான். ஆகவே நிசமான பழைய கல் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் கொப்பியில் ஒரு வரி. அந்தக் கொப்பியை முசியே அர்னோ தன் நெஞ்சுப் பையில் வைத்திருப்பார். மழையில் மை கரையும் என்று பென்சிலால்தான் எழுதுவார். கல் எண், என்ன செய்தோம், எந்தப் பொருளால் செய்தோம், யார் செய்தார். நான்கு கட்டம்.

"நாங்கள் செய்தது எது, அவர்கள் செய்தது எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாங்கள் திருத்தவில்லை, பொய் சொல்லியிருக்கிறோம்" என்பார்.

அதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஒரு வேலைக்காரர், சுண்ணாம்பு காயக் காத்திருக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் ஓர் இடுக்கில் சீமெந்து அடைத்துவிட்டார். சீமெந்து கல்லின் மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கிக் கல் பொருக்குப் பொருக்காக உதிரும். முசியே அர்னோ அதைக் கண்டுபிடித்து அந்த ஆளை அனுப்பிவிட்டார். "சீமெந்துக்காக அல்ல. சொல்லாமல் விட்டதற்காக" என்றார். எனக்கு அது மனதில் ஆணி அடித்தது போல நின்றது.

சில மாதம் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை, "நாளை முப்பத்தேழாம் கல் உங்களுடையது" என்றார். என் கையால் மட்டும் செய்யப்போகிற முதல் பழைய கல். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்போது நாங்கள் இதே தெருவில் ஒற்றை அறையில் இருந்தோம். என் மனைவி பரமேஸ்வரிக்கு என்னைவிடச் சந்தோசம்.

"முதன்முதல் உங்கடை கையாலை பூசுற கல்லு. பிள்ளையாரை வைக்காமல் கை வையாதேங்கோ" என்றாள்.

"அது வெள்ளைக்காரன்ரை இடம். அங்கை எப்பிடி வைக்கிறது?"

"வெள்ளைக்காரன்ரை இடம் எண்டால் பிள்ளையார் வரமாட்டாரோ? ஒரு ஓரமா வைச்சுக் கும்பிட்டுப்போட்டு எடுங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?"

விடிய எழும்பி மஞ்சள் குழைத்து, பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையார் பிடித்து, வெள்ளிக் கடதாசியில் சுற்றித் தந்தாள். நான் பூங்காப் புல்லில் அறுகைப்போல நீளமானதாக ஒன்றைத் தேடிப் பிடுங்கிக் குத்தினேன். முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே, மேல் இடுக்கு நாலு விரல் ஆழத்துக்குத் திறந்திருந்தது. அதற்குள் வைத்து, ஒருவரும் பாராமல் கும்பிட்டேன். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று எண்ணம்.

பிறகு வேலை. கீழ் இடுக்கின் பழைய சாந்தை உளியால் சுரண்டினேன். மின்சாரக் கருவி தொடக்கூடாது. தூசியைத் தூரிகையால் தட்டி, தண்ணீர் தெளித்து, கல் போதுமென்று சொல்லும்வரை குடிக்க விட்டு, சுண்ணாம்புச் சாந்தைக் கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். முசியே அர்னோ வந்து புறங்கையால் தொட்டுப் பார்த்து, "நல்லது" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வருவது அருமை. அந்தச் சந்தோசத்தில் பிள்ளையாரை மறந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் எல்லாரும் கொட்டிலுக்குள் போனோம். மழை பிடித்தது.

குண்டு விளையாடுகிற கிழவர் ஒருவர் நனைந்தபடி ஓடிவந்தார். "சுவரில் இரத்தம் வடிகிறது!" என்றார்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆலாத்தித் தட்டில் எத்தனை தரம் பார்த்திருப்பேன். ஆனால் அன்று அந்தச் சுவரில் அது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேலே இருந்து மஞ்சள் கரைந்து வடிந்து, என் புதுச் சாந்தில் பட்டுச் சிவந்து, இரண்டாயிரம் வருடக் கல்லின் முகத்தில் மணல்வரை கோடு கோடாக இறங்கியிருந்தது.

முசியே அர்னோ என்னைப் பார்த்தார். "இது என்ன, நாகா?"

"கடவுள், முசியே" என்றேன். வேறு பிரெஞ்சு எனக்கு வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. கைவிளக்கை எடுத்து மேல் இடுக்கைப் பார்த்தார். பிள்ளையார் குழைந்து, சாந்து பட்ட பக்கம் சிவந்து, கல்லின் பின்பக்கம்வரை நழுவிப் போயிருந்தார். "இன்னும் உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருக்கிறார்" என்றேன். "அவரை எடுப்பதென்றால் கல்லை அசைக்க வேண்டும். இந்தக் கல்லை நான் அசைக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த கிழமை எனக்குக் குடிவரவு அலுவலகமான பிரெபெக்தூரில் விசாப் புதுப்பிப்பு. கையிலிருந்தது மூன்று மாதத் தற்காலிகத் தாள். கம்பனி முதலாளி வேலைக் கடிதம் தந்தால்தான் வதிவிட அட்டை கிடைக்கும். கொப்பியோ வெள்ளிதோறும் முதலாளியின் மேசைக்குப் போகும். அன்று வெள்ளிக்கிழமை. கொப்பியில் என் பெயர் ஏறினால் கடிதம் இல்லை; கடிதம் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லாதவனை எங்கே அனுப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

முசியே அர்னோ முதலில் கல்லைக் கவனித்தார். களிமண்ணையும் காகிதக் கூழையும் தண்ணீரில் குழைத்து, புண்ணுக்குப் பற்றுப் போடுவது போலக் கல்லின் முகம் முழுக்க அப்பச் சொன்னார். காயும்போது அது கறையை உள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் எடுத்து, மறுபடி அப்ப வேண்டும். உரஞ்சக்கூடாது, அமிலம் தொடக்கூடாது. பின்னேரம் முதலாளி நேரே வந்தார். "முப்பத்தேழு என்ன?" என்று கேட்டார். "இன்னும் முடியவில்லை" என்றார் முசியே அர்னோ. அது பொய்யல்ல. நான் பக்கத்தில் களிமண் குழைத்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்து போகும்போது, "கொப்பியில் என்ன எழுதுவீர்கள், முசியே?" என்று கேட்டேன்.

"முதலில் உங்கள் பேப்பர்" என்றார்.

கடிதம் வந்தது, அட்டையும் வந்தது. மூன்று கிழமை பற்றுப் போட்டேன். மிச்சத்தை வெயில் வெளிறச் செய்தது. மேல் இடுக்கை முசியே அர்னோ தன் கையால் சுண்ணாம்பு வைத்து மூடினார். அதன் பிறகு அந்தக் கல்லைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை. அவர் கொப்பியில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வரி பொய் எழுதாத மனிதர் எனக்காக ஒரு வரி எழுதிவிட்டார் என்பது இருபத்தெட்டு வருடமாக என் தொண்டையில் முள். எத்தனையோ தேவாலயங்களில் அவரோடு வேலை செய்தேன். கேட்கத் துணிவு வரவில்லை. அவருடைய சவப்பெட்டியை மண்ணில் இறக்கியபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கிளேர் வந்துபோன அன்று வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் பரமேஸ்வரியிடம் கொட்டினேன்.

"ஏனப்பா, இவ்வளவு வருசம் வாய் மூடிக்கொண்டு இருந்திட்டு இப்ப ஏன் கிளறுறியள்? அந்தப் பிள்ளைக்கும் வேலை நீளும் எண்டால் நல்லதுதானே" என்றாள்.

"ஆய்வுகூடத்திலை மஞ்சள் எண்டு பிடிச்சால் அர்னோ மறைச்சுப்போட்டார் எண்டு சொல்லுவினம். பிடிக்காமல் விட்டால் என்ரை மஞ்சள் ரோமரின்ரை வர்ணமாப் புத்தகத்திலை ஏறும். ரெண்டிலை எது நல்லதெண்டு நீரே சொல்லும்."

அவள் மேசையில் கிடந்த கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு, "வியாழக்கிழமை நானும் வாறன்" என்றாள்.

ஸ்தாலின்கிராத்தில் ஏழாம் இலக்க மெட்ரோ மாறிப் போனோம். பரமேஸ்வரி மணல் வெளிக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசெண்டு ஒருநாளும் சொல்லேல்லை" என்று என்னைக் கடிந்தாள். கிளேர் எங்களைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் கொப்பியைத் திறந்தார். அந்தப் பென்சில் எழுத்தைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முப்பத்தாறு: இடுக்கு, சுண்ணாம்பு, அர்னோ. முப்பத்தெட்டு: ஒன்றும் செய்யவில்லை, அர்னோ. நடுவில் 37 என்ற எண். அதற்கு நேரே மூன்று கட்டமும் வெறுமை.

"இந்தக் கொப்பி முழுவதிலும் எழுதாமல் விட்ட வரி இது ஒன்றுதான். தொடாத கல்லுக்குக்கூடத் தொடவில்லை என்று எழுதிப் பெயர் வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர் மறந்திருக்க மாட்டார். அதனால்தான் உங்களைத் தேடினேன்" என்றார் கிளேர்.

முசியே அர்னோ பொய் எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இடம் விட்டுவைத்திருந்தார். பேப்பர் கைக்கு வந்த பிறகு அந்த வரியை எழுத வேண்டியவன் நான். அவர் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை. நானாக வருவேன் என்று காத்திருந்திருப்பார் என்று நினைத்தபோது வெட்கத்தால் குன்றிப்போனேன்.

சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கிளேர், "மஞ்சளா? சமையலுக்குப் போடுகிற மஞ்சளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பரமேஸ்வரி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. மேசையில் கிடந்த மூடியில் மஞ்சளைக் கொட்டித் தண்ணீர் விட்டு, மூலையிலிருந்த வாளிச் சுண்ணாம்பில் ஒரு துளி தொட்டுக் குழைத்தாள். மூடி சிவந்தது. கிளேரின் முகம் விழுந்துவிட்டது. அதை நான் கண்டேன்; காணாதது போல எழுத எனக்கு மனமில்லை. சொன்னபடி ஆனியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டவில்லை. இப்போது வேறு ஊரில் ஒரு கோட்டையில் வேலை என்று தகவல் அனுப்பியிருந்தார்.

ஆனால் அன்று அவர் கொப்பியை மூடவில்லை. "பழைய ஆவணத்தில் யாரும் எழுதக்கூடாது" என்றார். பிறகு தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். "ஆனால் இது இன்னும் முடியாத ஆவணம். பக்கத்தில் இன்றைய தேதியை நான் போடுகிறேன்."

என்ன செய்தது: மஞ்சள் பிள்ளையார் வைத்தது, எடுக்கவில்லை, உள்ளே இருக்கிறார். எந்தப் பொருளால்: மஞ்சள், மழைத்தண்ணீர், சுண்ணாம்பு. யார்: 'நாகா' என்று தொடங்கி, நிறுத்தி, கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதினேன். என் பிரெஞ்சில் எழுத்துப்பிழை இருந்திருக்கும். கிளேர் திருத்தவில்லை.

பரமேஸ்வரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையாரைப் பிடிச்சுத் தந்தது ஆர்? நானெல்லே. என்ரை பேரையும் போடுங்கோ" என்றாள்.

முசியே அர்னோவின் கட்டங்கள் அகலமானவை. பரமேஸ்வரி என்று எழுதி முடித்த பிறகும் அந்த வரியில் இடம் இருந்தது.